எண்ணூறு கிலோ கல்லும் ஒரு காளான் நங்கூரமும்

எங்கள் ஊர்த் திருவிழாவில் பன்றித்தொடைக்கு எடை சொல்லும் போட்டி ஒன்று உண்டு. உப்பிட்டுக் காயவைத்த முழுத்தொடையைத் தேவாலயத்துக்கு எதிரே கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். தொட்டுப் பார்க்கலாம், தூக்கிப் பார்க்கலாம். சரியான எடைக்கு மிக அருகில் சொன்னவருக்குத் தொடை சொந்தம். அர்மெல் ஒன்பது வருடம் விடாமல் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பத்தாவது வருடம் விழாக்குழு கூடி, அவளைத் தவிர யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்று தீர்மானம் போட்டது. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். எனக்கும் பன்றித்தொடை பிடிக்கும்.

எங்கள் ஊரான போர்மெலெனில் ஆண்களில் பாதிப் பேர் கல்குவாரிக்குப் போவார்கள், மீதிப் பேர் கடலுக்குப் போவார்கள். என்னைப் போல இரண்டுக்கும் லாயக்கில்லாதவர்கள் காலிஃபிளவர் போடுவோம். அர்மெல் கல் உடைப்பவரின் மகள். குவாரி வாசலில் லாரிகளை நிறுத்தி நிறுக்கும் எடைமேடை இருக்கிறதே, அதை ஒட்டிய கண்ணாடி அறையில் முப்பத்துநாலு வருடம் உட்கார்ந்திருந்தாள். லாரி திரும்பும்போது டயர் அமுங்குவதைப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவாள். முள்ளைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். ஒரு டிரைவர் அவளைத் தாஜா பண்ண ஒரு பாட்டில் ஆப்பிள் சைடரை நீட்டினானாம். "அதையும் மேடையில வைப்பா. லாரியோட சேத்து எழுதிக்கறேன்" என்றாளாம்.

அவள் கட்டிக்கொண்டது மட்டும் கடல்காரனை. பெரிக் எங்கள் பக்கத்திலேயே அமைதியான மனிதன். பெரிய படகுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, பதினாறு அடியில் ஒரு மரப்படகு வாங்கி, அதற்குக் கத்தெல் என்று பெயர் வைத்து, பக்கத்து ஊர்த் துறைமுகத்தில் கட்டி வைத்திருந்தான். காலையில் போவான், பத்துக் கானாங்கெளுத்தியும் இரண்டு நண்டுமாக மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். அர்மெல் அதில் ஏறியதே இல்லை. கரையில் நின்று அலையைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும்.

அறுபத்துநாலு வயதில் பெரிக்குக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சமையலறை ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பேச்சு வரும், மெதுவாக. ஆனால் அவன் பேசவில்லை. மூன்று மாதம் கொடுத்ததைத் தின்றான், திருப்பிய பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ஜனவரியில் ஒரு நாள் திடீரென்று கேட்டான்: "கத்தெல் எங்க?"

படகை விற்றுவிடு என்று எல்லோரும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. நானும்தான் சொன்னேன். அவள் என் வயல் வரப்பில் நின்று என்னைப் பார்த்தாள்.

"மூணு மாசத்துல அவன் வாயைத் திறந்து கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதை வித்துட்டேன்னு சொன்னா, அப்புறம் கேக்க அவன்கிட்ட என்ன இருக்கு எமில்?"

அந்தப் படகு போனால் பெரிக்கும் போய்விடுவான் என்று அவள் நம்பினாள். அதற்கப்புறம் அவள் செய்ததெல்லாம் அந்த ஒரு நம்பிக்கையில்தான்.

கத்தெலை வீட்டுக்குக் கீழே இருக்கும் எங்கள் குடாவுக்கே கொண்டுவந்துவிடுவது, ஜன்னலைத் திறந்தால் பெரிக் கண்ணில் படுகிற மாதிரி நிறுத்துவது. இதுதான் திட்டம். குடாவில் படகுத்துறை கிடையாது. வருடம் முழுக்க ஒரு படகு அங்கே நிற்க வேண்டுமென்றால் கடலடியில் அசையாத ஒன்று கிடக்க வேண்டும். அதிலிருந்து சங்கிலி, சங்கிலி நுனியில் மிதவை, மிதவையில் படகு. அந்த அசையாத ஒன்று எது என்பதில்தான் எங்கள் ஊர் பாரில் இரண்டு வாரம் அடிதடி நடக்காத குறை.

பழைய லாரி இன்ஜின் என்றான் ஒருவன். ரயில் சக்கரம் என்றான் இன்னொருவன். டிராக்டர் ரிம்முக்குள் சிமெண்ட் ஊற்றலாம் என்றேன் நான், என்னிடம் ஒரு ரிம் சும்மா கிடந்ததால். கடைசியில்தான் கூல்வென் பேசினான். அவன் பெரிக்கோடு இருபது வருடம் ஒரே படகில் போனவன். அவன் பேச்சில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும்.

"நங்கூரத்தை நீங்க யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம். கடலடிதான் அதைத் தேர்ந்தெடுக்கணும்" என்றவன் அர்மெல் பக்கம் திரும்பினான். "உன் வீட்டுக்கு முன்னாடி அடி என்ன? வழுக்குப் பாறை. மேல ரெண்டு விரல் மணல், பாசி. குடாவுல இருக்கற ஆட்டுத்தீவுக்குப் பின்னாடி பாரு, இடுப்பளவு சேறு. அங்க ஒரு காளான் நங்கூரம் போட்டா சேறே அதைப் பிடிச்சு வச்சுக்கும். நாளாக ஆக உள்ள இழுத்துக்கும். என் படகு பதினஞ்சு வருஷமா அங்கதான் நிக்குது."

"ஆட்டுத்தீவுக்குப் பின்னாடி போட்டா எங்க ஜன்னல்லேருந்து தெரியுமா?"

"தீவு மறைக்கும்."

"அப்ப பேச்சு முடிஞ்சுது" என்றாள் அர்மெல். "பாறைன்னா கனமா ஒண்ணைப் போட்டுடறேன். எடை விஷயத்துல நீ எனக்குச் சொல்லித் தரவேண்டாம் கூல்வென்."

"கல்லு தண்ணிக்குள்ள போனா மூணுல ஒரு பங்குக்கு மேல கடல் எடுத்துக்கும், அது தெரியுமா?"

"தெரியும். ஐநூறு வேணும்னா எண்ணூறு போடுவேன். மீதியைக் கடல் வச்சுக்கட்டும்."

பார் முழுக்கச் சிரிப்பு. கூல்வெனும் சிரித்தான், தலையை ஆட்டிக்கொண்டே.

அன்று மாலை நான் அவள் வீட்டுக்கு முட்டைக்கோஸ் கொண்டுபோனேன். வாசலில் கால் வைத்ததும் பெரிக் ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலே, "எமில், பூட்ஸைத் துடைச்சிட்டு வா" என்றான். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் போட்டுப்போன புதுச் செருப்போடு போனபோது, வாசலில் நின்ற என்னைப் பார்த்து "யாரு?" என்று கேட்டிருந்தான். மூளை சில நேரம் இப்படி ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். காலிஃபிளவர்க்காரன் அறிவு அவ்வளவுதான்.

அர்மெல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து திட்டத்தைச் சொன்னாள். பெரிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அங்க அடி கெட்டி" என்றான். "எதுவும் கடிக்காது."

"கடிக்க வேண்டாம். கனமா கிடந்தா போதும். அங்க நின்னா உனக்கு நல்லாத் தெரியுமில்ல?"

பெரிக் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். இரண்டு முழத்தூரத்தில் இருந்த முகம்.

"தெரியும்" என்றான். "நல்லாத் தெரியும்."

குவாரி ஆட்களிடம் கேட்டாள், ஒரு கல் வேண்டும் என்று. உடைந்து கிடக்கும் ஏதாவது ஒரு முரட்டுத் துண்டு போதும் என்றுதான் கேட்டாள். ஆனால் முப்பத்துநாலு வருடம் கூட வேலை பார்த்தவளுக்கு முரட்டுத் துண்டைக் கொடுப்பது எங்கள் ஊரில் நடக்காது. அவமானம். நினைவுச்சின்னத்துக்கு ஒதுக்கிவைத்திருந்த நல்ல சிவப்புக் கல்லை எடுத்தார்கள். ஆறு பக்கமும் ரம்பத்தில் அறுத்தார்கள், ஓரமெல்லாம் உளியால் ஒழுங்கு செய்தார்கள். மேலே இரும்பு வளையம் பதித்து, பக்கவாட்டில் கத்தெல் என்று எழுத்து வெட்டினார்கள். எடைமேடையில் வைத்தபோது எண்ணூற்றுப் பன்னிரண்டு கிலோ. அர்மெல் பார்வையிலேயே எண்ணூற்றுப் பத்து சொல்லியிருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கண் கலங்கிவிட்டது.

கூல்வென் அந்தக் கல்லின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். மேசை மாதிரி வழவழப்பு.

"கல்லறைக்கு அருமையா இருக்கும்" என்றான்.

"உனக்கு வேணும்னா சொல்லு, ஒண்ணு செய்யச் சொல்றேன்" என்றாள் அர்மெல்.

அவன் சொன்னதை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் எதற்கும் ஒரு குறை சொல்வான் என்று விட்டுவிட்டோம். உண்மையைச் சொன்னால், அவ்வளவு அழகான கல்லைப் பார்த்து வழுக்கும் என்று நினைக்க எங்கள் ஊர்க்காரனுக்கு மனசு வராது.

மார்ச் மாதப் பெரிய வற்றம் வந்தது. வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான் கடல் அவ்வளவு தூரம் விலகும். அன்றைக்கு ஊரே வாளியும் குப்பைவாரியுமாகக் குடாவுக்குள் இறங்கி மட்டி பொறுக்கும். மதியம் ஒரு மணிக்கு நான் டிராக்டரை இறக்கினேன். கல்லைச் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அர்மெல் சிவப்பு மழைக்கோட்டோடு முன்னால் நடந்து வழி காட்டினாள். குறித்த இடத்தில் இறக்கினோம், சங்கிலியைப் பூட்டினோம், திருகாணி கழன்றுவிடாமல் கம்பி சுற்றினோம். தண்ணீர் திரும்பத் தொடங்கிவிட்டது.

அவள் கல் மேல் ஏறி நின்று வீட்டைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். அங்கிருந்து ஜன்னல் ஒரு தீப்பெட்டி அளவு தெரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நான் டிராக்டர் ஹாரனை நீளமாக அடித்தேன். ஜன்னலில் ஒரு கை உயர்ந்தது.

"பாத்தியா, கை தூக்கறான்" என்றாள். "என்னைப் பாத்துட்டான்."

கூல்வென் கத்தெலைக் கொண்டுவந்து மிதவையில் கட்டினான். அந்தக் கோடையில் அர்மெல் கடலுக்குப் போகக் கற்றுக்கொண்டாள். கூல்வென் கூடப் போனான். மூன்று தடவை வாந்தி எடுத்தாள், நாலாவது தடவை ஆறு மீன் பிடித்தாள். பிடித்ததைப் பெரிக் மடியில் ஒரு தட்டில் வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்வாள். அவன் ஒவ்வொன்றாகத் தூக்கி, இது சின்னது, இதை விட்டிருக்கலாம் என்று திட்டுவான். திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டான் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையில் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டானது. நானே எத்தனையோ தடவை பார்த்தேன். அர்மெல் ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு அடுப்புக்கு வந்து, அவனுக்கு முதுகைக் காட்டியபடி காபி போடுவாள். வெளியே பார்க்கவே மாட்டாள். பெரிக் கடல் பக்கம் திரும்பி, கொஞ்சம் பொறுத்து, "இருக்கு" என்பான். "நல்லாதான் இருக்கு." அதற்கப்புறம்தான் கோப்பைகளை எடுப்பாள்.

"படகுக்குக் காவல் அவன்தான்" என்று பாரில் எல்லோரிடமும் சொன்னாள். "எனக்கென்ன கவலை?"

அக்டோபர் முதல் வாரத்தில் வடமேற்கிலிருந்து காற்று அடித்தது. என் கொட்டகைத் தகரம் இரண்டு பறந்துபோயிற்று. விடிந்ததும் காற்று நின்றுவிட்டது. மழை கழுவிவிட்ட மாதிரி எல்லாம் பளிச்சென்று இருந்தது. காலிஃபிளவரைப் பார்க்க வயலுக்குப் போனவன் குடாவைப் பார்த்தேன். கத்தெல் நிற்கும் இடத்தில் வெறும் தண்ணீர். கிழக்கு ஓரம் பாறைகளுக்கு நடுவில் அது சாய்ந்து கிடந்தது.

அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்துதான் இருந்தது. அர்மெல் அடுப்பின் முன் நின்றிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் பெரிக் ஜன்னல் பக்கமிருந்து சொன்னான்.

"இருக்கு. நல்லாதான் இருக்கு. ராத்திரி நல்லாத் தாங்கிடுச்சு."

"கேட்டியா எமில்?" என்றாள் அர்மெல், கோப்பையை எடுத்துக்கொண்டே. "எண்ணூற்றுப் பன்னிரண்டு கிலோ. கூல்வென்கிட்டப் போய்ச் சொல்லு."

என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. அவள் சிரிப்பு நின்றது. திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். குடா முழுவதும் தெரிந்தது, ஆட்டுத்தீவின் மேல் பறவைகள்கூடத் தெரிந்தன. நிற்க வேண்டிய இடத்தில் படகு இல்லை. பிறகு அவள் பெரிக்கின் கண்களைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான்.

அர்மெல் கோப்பையை அவன் கையில் வைத்தாள்.

"ஆமா பெரிக். நல்லாதான் இருக்கு" என்றாள். சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டாள். "வா எமில், உன் காலிஃபிளவர் என்ன ஆச்சுன்னு பாத்துட்டு வரலாம்."

என் வேலி வரைக்கும் நிமிர்ந்தே நடந்தாள். அங்கே ஒரு காலிப் பெட்டி மேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. படகு கிடந்த பக்கம் அவள் பார்வை போகவே இல்லை.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

பூட்ஸ் சத்தத்தில் என்னைக் கண்டுகொண்டவன் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பில் யாரு என்று கேட்டதைச் சொன்னேன். நான் ஹாரன் அடித்த பிறகுதான் அவன் கை தூக்கினான் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது.

"லாரியில நாப்பது கிலோ குறைஞ்சா டயரைப் பாத்துக் கண்டுபிடிப்பேன்" என்றாள். "ஒரே வீட்டுல, ஒரே மேசையில உக்காந்து சாப்பிடறேன். பேப்பர் படிக்கறதை விட்டான், எல்லாம் பொய்யின்னு சொன்னான், நம்பினேன். மீனைத் தடவித் தடவிப் பாத்தான், ஆசைன்னு நினைச்சேன்."

அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பாழாய்ப்போன கல்லை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டவன் நான்.

தண்ணீர் வடிந்ததும் கூல்வெனும் நானும் போய்ப் பார்த்தோம். இரண்டு பலகை உடைந்திருந்தது, அவ்வளவுதான். சங்கிலி அறுபடவில்லை. திருகாணி கழலவில்லை. கல்லே கூட வந்திருந்தது. வழவழப்பான அடியோடு வழுக்குப் பாறை மேல் இருநூறு அடி ஜாலியாகச் சறுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. கத்தெல் என்ற எழுத்து எங்களைப் பார்த்தபடி இருந்தது. நான் சொன்னேனே என்று கூல்வென் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"சொரசொரப்பா ஒரு கல்லைக் குடுத்திருக்கலாம் பாவிங்க" என்று மட்டும் சொன்னான்.

குளிர் வருவதற்குள் கத்தெலைக் கரையேற்றிவிட்டதாகவும், கூல்வென் கொட்டகையில் பெயின்ட் அடிக்கப்போவதாகவும் அர்மெல் பெரிக்கிடம் சொன்னாள். அது பாதி உண்மை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் காலையில் சொல்ல அவனுக்கு ஒன்றும் இல்லை. மறுபடி பேச்சு குறைந்தது. திட்டுவது நின்றது. மீன் சூப்பைப் பாதியில் வைத்துவிடுவான். அர்மெல் எடை சொல்பவள் அல்லவா, அவன் நாலு கிலோ இறங்கிவிட்டான் என்று என்னிடம் சொன்னாள்.

பிப்ரவரியில் மறுபடி பாரில் உட்கார்ந்தோம். இந்த முறை அடிதடி இல்லை. சேறு, காளான் நங்கூரம், ஆட்டுத்தீவுக்குப் பின்னால். அவளே சொன்னாள். அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். என்னுடையதுதான், வேறு யார் மேலும் போட முடியாது.

"பின்னாடி போட்டுடு. அவன்கிட்ட முன்னாடிதான் நிக்குதுன்னு சொல்லிடு. அவனுக்கு எங்க தெரியப்போகுது? பழையபடி காலையில இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுச் சந்தோஷமா இருப்பான். உன் படகும் பத்திரம்."

கூல்வென்கூடத் தலையாட்டினான். அர்மெல் என்னைப் பார்த்தாள். சைடர் பாட்டிலை நீட்டிய டிரைவரை இப்படித்தான் பார்த்திருப்பாள்.

"முப்பத்துநாலு வருஷம் ஒரு கிலோ மாத்தி எழுதினதில்ல நான். என் வீட்டுக்காரனுக்கு மட்டும் மாத்தி எழுதச் சொல்றியா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "எழுதிடலாம்னுதான் தோணுது எமில். அதான் பயமா இருக்கு."

மார்ச் வற்றத்தன்று கூல்வென் நங்கூரத்தைக் கைவண்டியில் வைத்துக்கொண்டு வந்தான். கவிழ்த்த குடை மாதிரி ஒரு இரும்புக் கிண்ணம், நடுவில் நீளமாக ஒரு தண்டு. அர்மெல் சுற்றி வந்து பார்த்தாள்.

"தொண்ணூறு கிலோ" என்றாள். "ரெண்டு மூட்டை உருளைக்கிழங்குகூட இல்ல. இதை நம்பியா கத்தெலை விடறது?"

"எடையை நம்பாத. சேத்தை நம்பு."

"ஒரு தடவை நம்பினது போதாதா?"

"அது கல்லு. இது வேற."

ஆட்டுத்தீவுக்குப் பின்னால் கால் வைத்ததுமே முழங்கால் வரை சேற்றில் இறங்கியது. மூன்று பேரும் மண்வெட்டியால் குழி தோண்டினோம், தோண்டத் தோண்டச் சேறு திரும்பி வந்து மூடியது. தானாகவே இறங்க ஒரு வருடம் ஆகும், நாம் கொஞ்சம் ஆழமாக விட்டால் அவ்வளவுக்கு நல்லது என்றான் கூல்வென். கிண்ணத்தைக் குழிக்குள் இறக்கினோம். தண்டின் நுனியும் சங்கிலியும்தான் வெளியே தெரிந்தன. அர்மெல் சங்கிலியைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். நங்கூரம் அசையவில்லை. அவளுடைய இடது பூட்ஸ் சேற்றுக்குள் போனதுதான் மிச்சம். அது இன்றுவரை கிடைக்கவில்லை.

டிராக்டரில் அவளை வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் சேறு. உள்ளே போய்த் துடைத்துக்கொண்டு, காபி குடித்து, மெதுவாகச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் நேராகப் பெரிக்கின் முன் போய் நின்றாள். என் பூட்ஸ் அழுக்காக இருந்ததால் நான் வாசலிலேயே நின்றேன். போயிருக்க வேண்டும்தான். போகவில்லை.

"பெரிக், கத்தெலுக்கு ஆட்டுத்தீவுக்குப் பின்னாடி நங்கூரம் போட்டுட்டோம். சேத்துல. அடுத்த வாரம் கொண்டுபோய் அங்க கட்டறோம். இங்கேருந்து தெரியாது."

பெரிக் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"முன்னாடி நின்னப்பவும் உனக்குத் தெரியல" என்றாள்.

"எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டான்.

"அக்டோபர்லேருந்து. நீ தாங்கிடுச்சுன்னு சொன்ன அன்னிக்குப் படகு பாறையில கிடந்தது."

அவன் முகம் சிவந்தது. இடது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "உடைஞ்சுதா?"

"ரெண்டு பலகை. சரி பண்ணியாச்சு. நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"அந்த மேசை வரைக்கும் தெரியும். அதுக்கப்புறம் எல்லாம் பால் கொட்டின மாதிரி" என்றான். "நீ கல்லு, சங்கிலின்னு பேசினப்ப உன் முகம் தெரிஞ்சுது. கிட்டத்துல முகம் நல்லாத் தெரியும், எழுத்துதான் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அப்புறம் முதல் தடவையா உன் முகம் முகமா இருந்துது. என்னன்னு சொல்றது?"

"அப்ப தினமும் காலையில இருக்கு இருக்குன்னு ஏன் சொன்ன? யாரு கேட்டா உன்னை?"

"நீதான் கேட்ட."

"நான் ஒரு நாளும் கேக்கல."

"ஜன்னலைத் திறந்துட்டு அடுப்புக்குப் போவ. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்ப. கண்ணுதான் போச்சு, காது நல்லாவே கேக்குது அர்மெல். நான் இருக்குன்னு சொன்னாத்தான் மூச்சை விடுவ. அதுக்காகத்தான் சொன்னேன்."

அர்மெல் அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சேறு அவள் காலிலிருந்து தரையில் வடிந்துகொண்டிருந்தது.

"இனிமே அது தீவுக்குப் பின்னாடி நிக்கும்" என்றான் பெரிக். "காலையில உனக்கு யாரு சொல்றது?"

நான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போனேன், வேண்டுமென்றே சத்தமாக.

அந்தச் சிவப்புக் கல் இன்னும் குடாவின் கிழக்கு ஓரத்தில்தான் கிடக்கிறது. வற்றம் வரும்போது மட்டி பொறுக்குகிறவர்கள் அதன் மேல் உட்கார்ந்து ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிடுகிறார்கள். உட்கார அவ்வளவு வசதியான கல் இந்தக் கரையிலேயே கிடையாது.

அர்மெல் இப்போது தினமும் காலை ஏழரைக்கு என் வயலோரமாக நடந்து, தீவுக்குப் பின்பக்கம் தெரிகிற முனை வரைக்கும் போகிறாள். ஒரு நிமிஷம் நின்று பார்ப்பாள், திரும்பி வருவாள். வழியில் என்னிடம் வானிலை பேசுவாள், காலிஃபிளவரைக் கிண்டல் பண்ணுவாள். படகைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அதை முதலில் கேட்க வேண்டியவன் வீட்டில் இருக்கிறான். கதவைத் திறந்ததும், "இருக்கு. நல்லாதான் இருக்கு" என்பாள். பெரிக் அப்போதுதான் காபியில் வாய் வைப்பான். நங்கூரம் இறங்கியிருக்கா, சங்கிலி எவ்வளவு தெரியுது, மிதவையில பாசி பிடிச்சிருக்கா என்று குறுக்குக் கேள்வி வேறு. மறுபடி திட்ட ஆரம்பித்துவிட்டான்.

போன நவம்பரில் இரண்டு நாள் காற்று அடித்து, மூன்றாம் நாள் காலையில் கடல் மேல் மூட்டம் இறங்கியது. நான் தகரத்தைச் சரிபண்ண ஆணி கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அர்மெல் முனைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். தலைமுடியெல்லாம் ஈரம்.

பெரிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. நான் அவளைப் பார்த்தேன்.

"தெரியல பெரிக்" என்றாள். "மூட்டம். தீவே தெரியல."

பெரிக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இடது கையால் பக்கத்து நாற்காலியைத் தட்டினான்.

"சரி, வந்து உக்காரு" என்றான். "இப்ப உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ரெண்டு பேருமாக் காத்திருப்போம்."

அவள் ஈரக் கோட்டோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு ஆணி எடுத்துத் தர இருவருக்கும் மறந்துபோயிற்று. பத்து மணிக்கு மூட்டம் விலகத் தொடங்கியது, அர்மெல் எழுந்து மறுபடி பூட்ஸை மாட்டினாள்.